நாலு மானிட்டர், ஒரு குட்டி கேபினட்: 30 - 50 வாட் தொழில்முறை கிராபிக்ஸ் கார்டில் எதை எடுப்பது?

#1 மேசைக்கணக்கு

வணக்கம். 12 மேசைகள், எல்லாவற்றிலும் ஒரே மாடல் சின்ன கேபினட் பிசி. ஐ5-10500, 16 ஜிபி ராம், 260 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி). எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்குத் தனி பவர் ஒயர் கிடையாது. ஸ்லாட்டில் அரை உயரக் கார்டு மட்டும்தான் நுழையும், அதுவும் ஒற்றை ஸ்லாட் தடிமனில்.

இப்போது என்விடியாவின் குவாட்ரோ பி400 கார்டு இருக்கிறது. மூன்று 1080பி மானிட்டர் ஓடுகிறது. நான்காவதாக 27 அங்குல 4கே ஒன்று சேர்க்க வேண்டும். வேலை எல்லாம் எக்செல், பிரவுசரில் ஓடும் ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்), சந்தை விலைத்திரை, வீடியோ மீட்டிங். கேட் (CAD வரைபட மென்பொருள்) இல்லை, கேம் இல்லை.

கேள்வி இரண்டு. பி400ஐ வைத்துக்கொண்டு நான்காவதை மதர்போர்டிலிருந்து எடுக்கலாமா? இல்லை என்றால் எந்தக் கார்டு?

#2 வெள்ளியங்கிரி_84

முதல் கேள்விக்குப் பதில்: எடுக்கலாம். ஐ5-10500 சிபியுவுக்குள்ளேயே இருக்கும் உள்கிராபிக்ஸ் (யுஎச்டி 630) மூன்று திரை வரை ஓட்டும். பயாஸில் (பிசி துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) "ஐஜிபியு மல்டி மானிட்டர்" அல்லது அதைப் போன்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கும். தனி கார்டு செருகியதும் பல பிராண்டட் போர்டுகள் உள்கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும், அதை எனேபிள் செய்தால்தான் பின்பக்க போர்ட்டில் படம் வரும். இன்டெல் டிரைவரையும் நிறுவ வேண்டும்.

ஆனால் 12 மேசைக்கு இதை நிரந்தர வழியாகச் சொல்ல மாட்டேன். ஒரு பிரவுசர் ஜன்னல் எந்தக் கார்டில் வரையப்படுகிறதோ அந்தக் கார்டின் திரையில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. அதை இழுத்து மற்றக் கார்டின் திரைக்குக் கொண்டுபோனால் விண்டோஸ் ஒவ்வொரு பிரேமையும் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும். எக்செல்லில் தெரியாது. மீட்டிங் வீடியோவிலும் வேகமாக மாறும் விலைத்திரையிலும் திக்கித் திக்கி ஓடுவது தெரியும். தவிர, இரண்டு கம்பெனி டிரைவர், இரண்டு அப்டேட் அட்டவணை. ஏதாவது கெட்டால் எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு வேலை.

ஒரு மேசையில் இன்றைக்கே நாலாவது திரை வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். மற்ற மேசைகளுக்குக் கார்டை மாற்றுங்கள்.

#3 நிழல்திரை

பி400ஐ மாற்ற இன்னொரு காரணமும் இருக்கு. அது என்விடியாவோட பாஸ்கல்ங்கற பழைய சில்லுத் தலைமுறை. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூணுக்கும் 580 டிரைவர் வரிசைதான் கடைசின்னு என்விடியா அறிவிச்சாச்சு. அதுக்கப்புறம் புது வசதி எதுவும் வராது. பி400, பி600, பி620, பி1000 எல்லாமே இதுல அடங்கும். ஆக "பழைய பி620 மலிவா கிடைக்குது, நாலு போர்ட் இருக்கு, 40 வாட்தான்"னு யாராவது சொன்னா கணக்கு போட்டுப் பாருங்க. இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டப்போற மெஷினுக்கு அது வேண்டாம்.

அதுக்கும் முந்தின என்விஎஸ் 510 பக்கமே போகாதீங்க. கெப்ளர்ங்கற இன்னும் பழைய தலைமுறை, 2012 சரக்கு. நாலு மினி டிஸ்ப்ளேபோர்ட் (மானிட்டர் கேபிள் செருகற சின்ன வகை போர்ட்), 35 வாட்னு காகிதத்துல அழகா இருக்கும். மெமரி பழைய டிடிஆர்3 வகை, டிரைவர் 470 வரிசையோட நின்னு போச்சு.

#4 வெள்ளியங்கிரி_84

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். தனி பவர் ஒயர் இல்லை, ஒற்றை ஸ்லாட், அரை உயரம், நாலு வெளியீடு. இந்த நான்கு நிபந்தனையையும் சேர்த்துப் போட்டால் கடையில் மிஞ்சுவது ஒரு கை விரலில் அடங்கும். தோற்றவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன் (டி, ஏ என்று தொடங்கும் முதல் ஐந்தும் என்விடியா):

டி400: 30 வாட், மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட் 1.4. 2 ஜிபி, 4 ஜிபி என இரண்டு வகை. உங்களுக்கு நாலு திரை என்பதால் அடிபட்டுப் போகிறது. மூன்று திரை போதும் என்ற மேசைக்கு இதைவிடச் சிக்கனமான கார்டு தேவையில்லை.

டி600: 40 வாட், 4 ஜிபி, நாலு மினி டிஸ்ப்ளேபோர்ட்.

டி1000: 50 வாட், 4 அல்லது 8 ஜிபி, நாலு மினி டிஸ்ப்ளேபோர்ட்.

ஏ400: 50 வாட், 4 ஜிபி, நாலு மினி டிஸ்ப்ளேபோர்ட். 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். ஆம்பியர் தலைமுறை.

ஏ1000: அதே 50 வாட், 8 ஜிபி, கணக்கிடும் கோர் மூன்று மடங்கு (2304, ஏ400இல் 768). உங்கள் வேலைக்கு அந்தப் பலம் சும்மா கிடக்கும்.

இன்டெல் ஆர்க் புரோ ஏ40: 50 வாட், 6 ஜிபி, நாலு மினி டிஸ்ப்ளேபோர்ட். உங்கள் மெஷினுக்கு வேண்டாம், காரணம் கீழே யாராவது எழுதுவார்கள்.

ஏஎம்டி ரேடியான் புரோ டபிள்யூ6400: 50 வாட், ஆனால் போர்ட் இரண்டுதான்.

புதிதாக வாங்குவதென்றால் என் தேர்வு ஏ400. டி600 புதுசாகவே நல்ல விலைக்குக் கிடைத்தால் அதுவும் தவறில்லை. டி வரிசையின் டியூரிங் தலைமுறை டிரைவர் ஆதரவுப் பட்டியலில் தொடர்கிறது.

#5 ஆறாம்திணை

டி600க்கும் ஏ400க்கும் ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டீர்கள். டி வரிசை மூன்றுக்கும் ஏவி1 (புதிய வீடியோ சுருக்க முறை) வீடியோவை வன்பொருளில் விரிக்கத் தெரியாது. ஏ400க்குத் தெரியும். இன்றைக்குப் பயிற்சி வீடியோ, இணைய ஒளிபரப்பு எல்லாம் ஏவி1க்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. கார்டால் முடியாவிட்டால் தளம் பழைய விபி9 முறையில் கொடுக்கும், அல்லது பாரம் சிபியு தலையில் விழும். ஆறு கோர் ஐ5 தாங்கும், ஆனால் அந்த நேரத்தில் அதன் விசிறி சத்தம் மேசைக்காரருக்குக் கேட்கும்.

#6 தென்றல்ராஜ்

ஒரு சந்தேகம் அண்ணே. இதுக்கெல்லாம் "தொழில்முறை" கார்டு எதுக்கு? ஜிடி 1030 30 வாட்தானே, விலையும் குறைவு. இல்லாட்டி நாலு எச்டிஎம்ஐ வச்ச ஜிடி 710 கூட வருதே, விசிறியே இல்லாம.

#7 வெள்ளியங்கிரி_84

தம்பி, நியாயமான கேள்விதான். ஜிடி 1030இல் வெளியீடு இரண்டு. நாலு வேண்டுமானால் இரண்டு கார்டு, இரண்டு ஸ்லாட். நாலு எச்டிஎம்ஐ ஜிடி 710 அதே கெப்ளர், 470 டிரைவரோடு முடிந்தது. 4கே திரை நாலையும் மாட்டினால் 30 ஹெர்ட்ஸில்தான் ஓடும். 30 ஹெர்ட்ஸில் மவுஸ் நகர்த்திப் பாருங்கள், தேனில் விழுந்த எறும்பு மாதிரி இருக்கும்.

ஆக "தொழில்முறை" என்ற பட்டத்துக்காகக் காசு கொடுக்கவில்லை. ஒற்றை ஸ்லாட், அரை உயரம், 50 வாட்டுக்குள் நாலு டிஸ்ப்ளேபோர்ட் என்ற வடிவம் வீட்டுக் கார்டு வரிசையில் கிடைப்பதில்லை, அதற்காகத்தான். மென்பொருள் கம்பெனிகளின் சான்று, பெரிய கேட் கோப்பு இதெல்லாம் எக்செல் மேசைக்குப் பொருட்டே இல்லை.

இரண்டாவது காரணம் ஈடிஐடியை (மானிட்டர் தன்னைப் பற்றிக் கார்டுக்குச் சொல்லும் விவரம்) பூட்டும் வசதி. அதைத் தனியாக எழுத வேண்டும்.

#8 கம்பிக்காரர்

கார்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நாலு திரை மேசையில் வரும் புகார்களில் பெரும்பகுதி கேபிளும் அடாப்டரும்தான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், மினி டிஸ்ப்ளேபோர்ட்டில் கொக்கி கிடையாது. பெரிய டிஸ்ப்ளேபோர்ட்டைப் போல "டிக்" என்று பூட்டாது. நாலு கேபிள் எடை தொங்கினால் மெதுவாக வெளியே வரும். மேசையைத் துடைக்கும்போது ஒரு திரை அணைந்து அணைந்து எரிகிறது என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். கேபிள்களைக் கேபினட் பின்னால் ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டி, எடை பட்டையில் விழும்படி விடுங்கள். கார்டு பெட்டியில் வரும் குட்டி அடாப்டரைச் செருகி, அதன் முனையில் தடித்த கேபிளை மாட்டுவதைவிட, ஒரு முனை மினி, மறுமுனை பெரிய டிஸ்ப்ளேபோர்ட் உள்ள ஒரே கேபிளாக வாங்குவது நல்லது. இணைப்பு ஒன்று குறைகிறது, தொங்கும் எடையும் குறைகிறது.

அடுத்தது நீளம். 4கே 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 2 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 1080பிக்கு 3 மீட்டர் பிரச்சினை செய்யாது.

பிறகு 20ஆம் பின். இது பலருக்குத் தெரியாது. டிஸ்ப்ளேபோர்ட்டின் 20ஆம் பின் 3.3 வோல்ட் மின்சாரம். அது அடாப்டருக்காக வைத்தது, சாதாரண கேபிளில் இரு முனைக்கும் நடுவே அந்த ஒயர் இருக்கவே கூடாது என்பது விதி. மலிவு கேபிள்களில் அதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். விளைவு: பிசியை அணைத்த பிறகும் மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் கார்டுக்குள் ஏறும். பவர் பட்டனை அமுக்கினால் மெஷின் கிளம்பாது, அல்லது விசிறி சுற்றும், திரை வராது. எல்லா மானிட்டரையும் பிடுங்கினால் சரியாகிவிடும். கார்டு பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், குற்றவாளியோ கேபிள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து இரு முனையின் 20ஆம் பின்னையும் தொட்டால் பீப் வரக்கூடாது. மினி பக்கத்தில் தொடுவது சிரமம், மெல்லிய ஊசி முனை வேண்டும். வேறு வழி, நல்ல கேபிளை மாட்டிப் பார்ப்பதுதான்.

கடைசியாக எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள பழைய மானிட்டர். 1080பிக்கு மலிவான பாசிவ் அடாப்டர் போதும். அங்கே மாற்றும் வேலையைக் கார்டே செய்கிறது, அடாப்டர் மின் அளவை மட்டும் சரிசெய்கிறது. 4கே 60க்கு பாசிவ் உதவாது. "டிஸ்ப்ளேபோர்ட் 1.2இலிருந்து எச்டிஎம்ஐ 2.0, ஆக்டிவ்" என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும். பாசிவை மாட்டினால் 4கே 30 ஹெர்ட்ஸில் நிற்கும், அல்லது 1080பி மட்டும் காட்டும். "கார்டு 4கே தரவில்லை" என்ற புகாரின் மூலம் இதுதான்.

இன்னொன்று, திசை. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் ஒருவழிப் பாதை. பிசி பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. தலைகீழாக மாட்டினால் ஒன்றும் வராது.

#9 மேசைக்கணக்கு

20ஆம் பின் விஷயம் புதுசு, நன்றி. 12 மேசைக்கும் கேபிள் ஒரே மாதிரி வாங்கிவிடுகிறேன்.

இரண்டு கேள்வி. (1) ஒரு போர்ட்டிலிருந்து இரண்டு மானிட்டரைச் சங்கிலியாக இணைத்தால் டி400 போதுமா? (2) 50 வாட் கார்டை 260 வாட் எஸ்எம்பிஎஸ் தாங்குமா, ஸ்லாட் தருமா?

#10 ஆறாம்திணை

(1) சங்கிலி இணைப்புக்குப் பெயர் எம்எஸ்டி. இதில் இரண்டு எல்லை. ஒன்று, கேபிளின் கொள்ளளவு. இரண்டு, கார்டு ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓட்டும் என்பது. எம்எஸ்டி முதல் எல்லைக்குள் பங்கு போட உதவும், இரண்டாவதை உயர்த்தாது. டி400க்கு அறிவித்த எண்ணிக்கை மூன்று. அதை நம்பி நான்காவதைத் திட்டமிட வேண்டாம். நாலு போர்ட் கார்டிலும் அதே கதைதான். ஹப் போட்டு எட்டாக்க முடியாது, நாலில் நிற்கும்.

கொள்ளளவுக் கணக்கு பயன்படும், எழுதி வைக்கிறேன். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 நொடிக்கு 17.28 கிகாபிட் தரவு கொண்டுபோகும், 1.4 என்றால் 25.92. ஒரு 1080பி 60 திரைக்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் × 24 பிட் = சுமார் 3.56. 1440பி 60க்கு 241.5 × 24 = சுமார் 5.8. 4கே 60க்கு 533 × 24 = சுமார் 12.8.

1.2 கேபிளில் 1080பி நாலு போகும் (14.26). 1440பி இரண்டு போகும், மூன்று போகாது (17.39, இழை அளவில் தப்பிவிடுகிறது). 4கே 60 ஒன்றோடு சரி, கூட ஒரு 1080பி சேர்க்கலாம். 1.4இல் 4கே இரண்டு என்பது விளிம்பில் நிற்கிற கணக்கு, எம்எஸ்டி தன் பங்காக 64இல் ஒன்றை எடுத்துக்கொள்வதால் சுருக்க வசதி இல்லாத மானிட்டரில் நம்ப முடியாது. சங்கிலியில் எந்த மானிட்டர் பழைய 1.2 ஆக இருக்கிறதோ அதற்குப் பின்னால் எல்லாமே 1.2தான் என்பதையும் மறக்காதீர்கள்.

சங்கிலியில் முதல் மானிட்டரை அணைத்தால் அடுத்ததும் போய்விடும் மாடல்கள் நிறைய. அலுவலகத்தில் இது தலைவலி.

#11 பலகைவைத்தியர்

(2) எஸ்எம்பிஎஸ் தாங்கும். ஐ5-10500 பெயருக்கு 65 வாட், டர்போ உச்சத்தில் 134 வரை இழுக்க இன்டெல் வரம்பு வைத்திருக்கிறது. போர்டு, ராம், எஸ்எஸ்டி, விசிறி எல்லாம் சேர்த்து 30 என்று வையுங்கள். கார்டு 50. மொத்தம் 214. எல்லாமே ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனால்தான் அந்தக் கணக்கு. எக்செல் மேசையில் அது நடக்கப் போவதில்லை.

ஸ்லாட் தான் பார்க்க வேண்டிய இடம். பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் தரநிலை) விதிப்படி பெரிய ஸ்லாட் 75 வாட் வரை தரலாம்: 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் = 66, 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர் = 9.9. ஆனால் பிராண்டட் சின்னப் பெட்டிகளில் தயாரிப்பாளரே அதைவிடக் குறைவான வரம்பு போட்டிருப்பார். சர்வீஸ் மேனுவலில் "எக்ஸ்பான்ஷன் ஸ்லாட்" பக்கத்தில் வாட் எழுதியிருக்கும். 50 என்று இருந்தால் ஏ400 சரி. 35 என்று இருந்தால் டி400இல் நிறுத்திக்கொண்டு நான்காவது திரையை வேறு வழியில் பாருங்கள். வரம்பைத் தாண்டினால் உடனே புகை வராது. பாரம் ஏறும் நேரத்தில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும், அல்லது கார்டு காணாமல் போய்த் திரும்பி வரும். காரணம் பிடிபடாமல் மாதக்கணக்கில் இழுக்கும் வகை.

இன்னொன்று, போர்டில் பெரிய ஸ்லாட் இரண்டு தெரிந்தாலும் ஒன்றில் உள்ளே நாலு லேன் (தரவுப் பாதை) மட்டும் இருக்கலாம். படம் காட்ட நாலு லேன் தாராளம். மின்சார வரம்பு அந்த ஸ்லாட்டுக்குத் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

#12 தென்றல்ராஜ்

கரண்ட் பில்? 30 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் 12 மெஷின்ல பெரிய வித்தியாசம் வராதா?

#13 பலகைவைத்தியர்

20 வாட் × 9 மணி × 25 நாள் = 4.5 யூனிட். 12 மெஷினுக்கு மாதம் 54 யூனிட். இது இரண்டு கார்டும் நாள் முழுக்க உச்சத்தில் உழைத்தால். அட்டையில் போட்டிருப்பது உச்ச வாட். விலைத்திரையும் எக்செல்லும் ஓடும்போது கார்டு அதில் ஒரு சிறு பங்கைத்தான் தின்னும், அந்த நிலையில் இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சேமிக்க வேண்டுமானால் மானிட்டரின் வெளிச்சத்தைக் குறையுங்கள். நாலு திரை சேர்ந்து கார்டைவிட அதிகம் இழுக்கிறது.

ஆனால் சும்மா இருக்கும்போது வாட் ஏறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாலு திரையும் வேறு வேறு புதுப்பிப்பு வேகத்தில் இருந்தால் (ஒன்று 75, மற்றவை 60, இன்னொன்று 59.94) கார்டால் மெமரி வேகத்தை இறக்க முடியாது. மெமரி வேகம் மாறும் அந்தக் கணத்தில் எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் இடைவெளியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் சிமிட்டும். அதனால் டிரைவர் உயர்ந்த வேகத்திலேயே பிடித்து வைக்கும். கார்டு சூடாகவே இருக்கும், குட்டி விசிறி ஓயாது. எல்லாவற்றையும் 60க்குக் கொண்டுவாருங்கள்.

#14 நிழல்திரை

ஆர்க் புரோ ஏ40 ஏன் வேண்டாம்னு யாரும் எழுதலையே. ரெண்டு காரணம். ஆர்க் கார்டுக்கு ரீசைசபிள் பார் (கார்டோட மெமரி முழுசையும் சிபியு ஒரே மூச்சுல அணுகற வசதி) வேணும். 10ஆம் தலைமுறையில இருந்து முடியும்னு இன்டெல் சொல்லுது, ஆனா போர்டு பயாஸ்ல அந்த வசதியை பிசி கம்பெனி திறந்து வைக்கணும். ஆபீஸ் பெட்டிகள்ல அது இருக்குன்னு உறுதி இல்லாம வாங்கக்கூடாது. ரெண்டாவது, சும்மா இருக்கும்போது அதிக வாட் தின்னும். அதைக் குறைக்க பயாஸ்ல ஏஎஸ்பிஎம் எல்1 (ஸ்லாட் இணைப்பின் மின்சேமிப்பு அமைப்பு) போடணும், விண்டோஸ் பவர் பிளான்ல "லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்"டை அதிகபட்ச சேமிப்புல வைக்கணும். 12 மெஷினுக்கு இதைச் செய்யணுமா?

புது மெஷின், ரீசைசபிள் பார் உறுதின்னா ஏ40 நல்ல கார்டுதான். 6 ஜிபி, ஏவி1 ரெண்டு பக்கமும்.

#15 ஆறாம்திணை

அதே சில்லு வரிசையில் மேட்ராக்ஸ் லூமா ஏ310 என்று ஒன்று உண்டு. ஒற்றை ஸ்லாட், அரை உயரம், நாலு வெளியீடு, விசிறியே இல்லை. தூசும் பஞ்சும் பறக்கும் இடத்துக்கு விசிறி இல்லாத கார்டு பெரிய நிம்மதி, குட்டி விசிறியின் பேரிங்தான் இந்த வகைக் கார்டில் முதலில் போகும் பாகம். ஆனால் விசிறி இல்லை என்றால் காற்றே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கேபினட் விசிறியின் காற்று கார்டின் மேல் போக வேண்டும். சின்னப் பெட்டியில் காற்றுப்பாதை சிபியுவுக்கு மட்டும் குழாய் போட்டது போல இருக்கும், கார்டு மூலையில் வேகும்.

#16 வெள்ளியங்கிரி_84

ஈடிஐடி பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

மானிட்டர் தன் பெயர், அளவு, வேகம் எல்லாம் எழுதி வைத்திருக்கும் சின்ன அட்டவணைதான் ஈடிஐடி. டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரைப் பட்டனில் அணைத்தாலோ, ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனாலோ, பல மாடல்கள் கேபிளைப் பிடுங்கியது போலவே நடந்துகொள்ளும். விண்டோஸ் "ஒரு திரை போய்விட்டது" என்று அதிலிருந்த ஜன்னல்களை எல்லாம் மற்றத் திரையில் கொட்டும். மதிய உணவு முடிந்து வந்தால் நாலு திரையின் ஜன்னலும் ஒன்றில் குவிந்திருக்கும். கரண்ட் போய் வந்தாலும் இதேதான். யுபிஎஸ்ஸில் பிசி மட்டும் இருந்து மானிட்டர்கள் இல்லாமல் இருந்தால் அனுபவிப்பீர்கள்.

முதலில் இலவச வழி. விண்டோஸ் 11இல் டிஸ்ப்ளே அமைப்பில் "மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்" விரித்தால், மானிட்டர் இணைப்பின்படி ஜன்னல் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்யுங்கள். மானிட்டர் மெனுவில் "டீப் ஸ்லீப்" இருந்தால் அணையுங்கள். இதிலேயே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் என்விடியா தொழில்முறைக் கார்டில் இப்படி:

என்விடியா கன்ட்ரோல் பேனலில் "வொர்க்ஸ்டேஷன்" பகுதியில் "வியூ சிஸ்டம் டோபாலஜி" திறங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் நேரே ஈடிஐடி வரி தெரியும், அதைச் சொடுக்கினால் "மேனேஜ் ஈடிஐடி" வரும். நாலு மானிட்டரும் சரியாக எரியும்போது ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு "லோட்" தாவலில் அந்தக் கோப்பை அதே போர்ட்டுக்கு ஏற்றுங்கள். இனி மானிட்டர் அணைந்தாலும் கார்டு அது இருப்பதாகவே நினைக்கும்.

எது தவறும்? போர்ட் மாற்றி ஏற்றினால் 1080பி திரைக்கு 4கே போகும், "அவுட் ஆஃப் ரேஞ்ச்" வரும். ஆறு மாதம் கழித்து மானிட்டரை மாற்றும் ஆளுக்குப் பூட்டியது தெரியாது, புது மானிட்டரில் பழைய அளவே நிற்கும். கேபினட் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

#17 கம்பிக்காரர்

இதில் ஒரு மறுப்பு. எல்லா மேசையிலும் கண்ணை மூடிக்கொண்டு பூட்டாதீர்கள். பூட்டிய திரையை உண்மையிலேயே அணைத்து வைத்தால், மவுஸும் ஜன்னல்களும் அந்த இருட்டுத் திரைக்குள் போய்விடும். "மெசேஜ் பாக்ஸ் வரவில்லை, மென்பொருள் தொங்குகிறது" என்று சப்போர்ட்டுக்கு அழைப்பு வரும். பாக்ஸ் வந்திருக்கும், அணைந்த திரையில். நாலு திரையும் எப்போதும் எரியும் மேசைக்கு மட்டும் பூட்டுங்கள்.

#18 வெள்ளியங்கிரி_84

ஒப்புக்கொள்கிறேன். விலைத்திரை மேசைகளுக்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

#19 மேசைக்கணக்கு

மேனுவல் பார்த்தேன், ஸ்லாட் 50 வாட். ஏ400 என்று முடிவு செய்கிறேன். 4 ஜிபி போதுமா? 4கே திரை மெமரியைத் தின்னாதா? ஏ400 எட்டு லேன், பிசிஐஇ 4. என் போர்டு 3. அது தடையா?

#20 ஆறாம்திணை

திரை தின்னும் மெமரி அற்பம். 3840 × 2160 × 4 பைட் = சுமார் 33 எம்பி. 1080பிக்கு சுமார் 8. உங்கள் நாலுக்கும் சேர்த்து 60 எம்பி கூட வராது, இரண்டு மூன்று நகல் வைத்தாலும் 200ஐத் தாண்டாது. தின்பவை பிரவுசர் தாவல்களும் அரட்டை மென்பொருள்களும். டாஸ்க் மேனேஜரில் "டீடெயில்ஸ்" தாவலில் "டெடிகேட்டட் ஜிபியு மெமரி" பத்தியைச் சேர்த்துப் பாருங்கள், யார் எவ்வளவு என்று தெரியும். 2 ஜிபி கார்டு இதில்தான் திணறும். 4 இந்த வேலைக்குத் தாங்கும்.

பிசிஐஇ 3இல் எட்டு லேன் என்பது படம் காட்டுவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. தடையில்லை.

#21 பலகைவைத்தியர்

மாட்டும் வரிசை:

புது டிரைவரைக் கார்டு மாட்டும் முன்பே இறக்கி வையுங்கள். என்விடியா தளத்தில் ஆர்டிஎக்ஸ் / குவாட்ரோ பகுதி, "புரொடக்ஷன் பிராஞ்ச்". மற்ற வரிசை புது வசதிக்கு அவசரப்படுபவர்களுக்கு. பி400இலிருந்து ஏ400க்கு மாறுவது ஒரே கம்பெனி என்பதால் நிறுவும்போது "கிளீன் இன்ஸ்டாலேஷன்" டிக் போதும். ஏஎம்டியிலிருந்து வந்தால் மட்டும் நெட் கேபிளைப் பிடுங்கி, சேஃப் மோடில் டிடியு (பழைய டிரைவரைத் துடைக்கும் மென்பொருள்) ஓட்டித் துடைக்கவும். நெட் இருந்தால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தன் டிரைவரைப் போட்டுவிடும்.

பயாஸை முதலில் அப்டேட் செய்யுங்கள். பவர் ஒயரைப் பிடுங்கி, பட்டனைப் பத்து நொடி அமுக்கிவிட்டுக் கார்டை மாற்றுங்கள். முதல் துவக்கத்தில் ஒரே ஒரு மானிட்டர் மட்டும். டிரைவர் ஏறிய பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். நாலையும் ஒன்றாக மாட்டினால் எந்தக் கேபிள் கெட்டது என்று தெரியாது.

துவக்கத் திரை நாலில் ஏதோ ஒன்றில்தான் வரும், அது நீங்கள் முதன்மையாக வைத்த திரையாக இருக்க வேண்டியதில்லை. கவலை வேண்டாம், பயாஸுக்குள் போகும்போது எங்கே பார்ப்பது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

"ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்"பை அணைத்துவிடுங்கள். காலையில் ஒரு திரை கறுப்பாக எழுந்திருப்பதற்கு அது ஒரு காரணம்.

#22 நிழல்திரை

4கேவும் 1080பியும் கலந்து வைக்கறதால இன்னொன்னு வரும். 4கே திரையில 150%, மத்ததுல 100%னு வச்சா பழைய மென்பொருள் 4கேல மங்கலா தெரியும். கார்டைத் திட்டாதீங்க. அந்த இஎக்ஸ்இ மேல வலது சொடுக்கு, ப்ராபர்ட்டிஸ், "கம்பாட்டிபிலிட்டி", "சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்", கீழ இருக்கற ஓவர்ரைடை டிக் பண்ணி "சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)". எழுத்து தெளியும். சில மென்பொருள்ல மெனு கோணலாகும், அப்ப "அப்ளிகேஷன்" போட்டுப் பாருங்க.

#23 தென்றல்ராஜ்

செகண்ட் ஹேண்ட்ல டி1000 வந்தா எடுக்கலாமா? போலி வருமா?

#24 கம்பிக்காரர்

வரும். பழைய சில்லில் பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயர் போடுவார்கள். ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) ஓட்டினால் பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே காட்டும் வாய்ப்பு உண்டு. சில்லுப் பெயர் டியூ117, கோர் 896, மெமரி ஜிடிடிஆர்6 மூன்றும் பொருந்த வேண்டும். நாலு போர்ட்டிலும் தனித்தனியாக மானிட்டர் மாட்டிப் பாருங்கள். ஒரு போர்ட் செத்த கார்டையும் விற்பார்கள்.

#25 மேசைக்கணக்கு

12 ஏ400, 48 கேபிள் (மினியிலிருந்து பெரிய டிஸ்ப்ளேபோர்ட், 2 மீட்டர்) ஆர்டர் போடுகிறேன். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள 1080பி மானிட்டர் 9 இருக்கிறது, அதற்கு பாசிவ்.

#26 கம்பிக்காரர்

அப்படியென்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் 39 போதும், இரண்டு உபரி சேர்த்து 41 வாங்குங்கள். எச்டிஎம்ஐ பக்கம் 9க்கு 10. ஆர்டர் போடும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்று: பெட்டியில் அரை உயர பிராக்கெட் இருக்கிறதா? உதிரியாக விற்கும் கார்டில் முழு உயர பிராக்கெட் மட்டும் மாட்டி அனுப்புவார்கள், உங்கள் கேபினட்டில் அது மூடாது. பழைய பி400 பிராக்கெட்டைக் கழற்றி மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். அதில் ஓட்டை மூன்று, ஏ400க்கு நாலு வேண்டும்.